மூடிய புத்தகத்திலிருந்து

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்து போய் வெளியே பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மழை அப்படியொன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெரிய மழைக்குப் பிறகு பதுளைப் பக்கத்தில் நம் வயதுக்காரர்கள் யாரும் தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. வாய் எதையாவது பேசிக்கொண்டிருக்கும். காது மட்டும் மலைப்பக்கம் போய்விடும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் வெடிப்பு விழுந்திருக்கிறது. இனி அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய மண்டபம் ஒன்றைப் பலகை அடித்துப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு தடுப்பாகத் தந்திருக்கிறார்கள். பலகை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கூரைவரை வெறும் காற்றுதான். அடுத்த தடுப்பில் யாராவது மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினால்கூட இங்கே கேட்கும். முதல் நாள் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்து மகள் ஓடி வந்தாள்.

என் கணவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். பண்டாரவளையில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவார். மண் சரிந்த அன்று அவர் பாதையில் இருந்தார். போன் எடுபடவில்லை. லொறியை எங்கேயோ விட்டுவிட்டு, நடந்தே வந்து, முழங்கால்வரை சேற்றோடு வாசலில் நின்றபோது அவர் கேட்ட முதல் வார்த்தை, "டீ இருக்கா?" அதற்கு முந்திய நாட்களை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பாதை திறந்ததும் அவர் மறுபடி லொறி ஏறிவிட்டார். வேறு என்னதான் செய்வார்? இன்றைக்கும் பாதையில்தான் இருக்கிறார். போன் என் மடியில் கிடக்கிறது.

நடுவில் தொங்கவிட்டிருக்கும் சேலைக்கு அந்தப்பக்கம் மகள் சத்தமாக வாசித்துப் பழகுகிறாள். நகரத்து நூலகமும் சுற்றியுள்ள சின்ன நூலகங்களும் சேர்ந்து வாசிப்பு விழா நடத்துகின்றன. இந்த வருடம் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்களிடமும் புத்தகப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துப் பழகி, விழா நாளில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். அவள் குரல் பலகைக்கு மேலே ஏறி மண்டபம் முழுக்கப் போகிறது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னொரு வாசிப்பு விழா நினைவுக்கு வருகிறது. விரட்டினாலும் போகவில்லை.

அப்போது நான் சின்னப் பிள்ளை. நாங்கள் மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். உங்கள் லயமும் அப்படித்தான் இருந்திருக்கும்: ஒரே கூரை, வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, இடைச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் சோறு இறங்கும். ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் கடைசிக் காம்பராவிலிருந்து தீர்ப்பு வரும்.

அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால், பாதை இன்னும் பாதையாக இருந்தபோது, நூலகத்து வேன் தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்கு ஏறி வந்தது. அதன் பின்கதவைத் திறந்தபோது வந்த வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், பூச்சி உருண்டை, பசை, பழைய தாள். உள்ளே தட்டுத் தட்டாகப் புத்தகம். கீழ்த்தட்டில் படுக்கவைத்திருந்த ஒரு பெரிய புத்தகத்தின் அட்டையில் திமிங்கிலம் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. குளத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. கையை வைத்ததும் நூலகத்து சார் மெதுவாக என் கையை எடுத்துவிட்டார்.

"இப்ப இது குடுக்க முடியாது பாப்பா. வேன் தொடர்ந்து வந்தா மொத ஆளா உனக்குத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி அடிக்கடி துடைக்கிற, பேசும்போது ஆளைப் பார்க்காமல் மரத்தைப் பார்க்கிற மனிதர். விழாவின் யோசனையை எங்களுக்கு விளக்கினார். பதுளைக் கடைத்தெரு முதலாளி, பாடசாலை டீச்சர், தோட்டத்துப் பிள்ளை என்று எல்லோரும் ஒரே கதையை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த வீட்டுக்கு ஒரு பச்சைக் காகித இலை. நகரத்து நூலகத்தில் பெரிய துணியில் வரைந்திருக்கும் மரத்தில் அந்த இலைகள் ஏறும். எந்த டிவிசனில் எல்லா வீட்டுக்கும் இலை கிடைக்கிறதோ, அங்கே வருடம் முழுவதும் வேன் வரும். லயத்துக்கு ஒரு பிரதி. வீடு வீடாக மாற்றி மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தத் திமிங்கிலம் வேண்டும். அதனால் இலை வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு கவலையே இல்லை.

வீடு வீடாக மாற்றுவது என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. எதற்கு மாற்ற வேண்டும்? அப்பா வாசித்தார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. சங்கக் கூட்டத்தில் பேப்பர் வாசித்துக் காட்டுவதும் அவர்தான். சுத்தமான அச்சு உச்சரிப்பு, ஒரு எழுத்தையும் விழுங்கமாட்டார். சாயங்காலம் கை கால் கழுவி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். புத்தகத்துக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டிருந்தது. அசைந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும்.

கதையில் ஒரு ஆறு. அதில் படகு தள்ளிப் பிழைக்கிற ஒரு பெண். அவளுக்கு ஒரே மகன். அவ்வளவுதான் கதை. ஆனால் லயம் அதை அப்படி விட்டுவிடவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க, அடுப்ப ஊதிட்டு வந்துர்றேன்!"

"வாசிங்க வாசிங்க, அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொன்னா படகே முழுகிப்போவும். நிப்பாட்டுங்கண்ணே."

கடைசிக் காம்பரா மாமாவுக்கு எல்லாவற்றிலும் கேள்வி. "ஏப்பா, அந்தப் பொம்பளைக்கு ஈ.பி.எஃப். புடிக்கிறானுங்களா?"

"மாமா, அவ சொந்தப் படகுல வேல செய்யிறா."

"சொந்தப் படகா? அப்ப அவ தொரைச்சாணி. எதுக்கு அழுவுறா?"

லயமே சிரிக்கும். சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் போய் அடங்கும்வரை அப்பா விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ம்ம்" வரும். கேட்டுக்கொண்டிருக்கிறோம், மேலே போங்கள் என்று அர்த்தம்.

அடுத்த காம்பராவில் அத்தை இருந்தார். சொந்தம் இல்லை, ஆனாலும் அப்பாவை அண்ணே என்பதால் எனக்கு அத்தை. அவருடைய மகன் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் வேலைக்குப் போயிருந்தான். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் நம் பையன்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பொலிஸ்காரர்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள்; காட்டினாலும் கூட்டிப் போவார்கள். சவர்க்காரம் வாங்கப் போனவன் திரும்பவில்லை என்று கடைக்காரர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அத்தை அழுது நான் பார்த்ததில்லை. விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார். வந்ததும் எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். அது எங்களுக்குக் கேட்கும். வளையல் சுவரில் உரசும்.

படகுக்காரியின் மகன் வெள்ளத்தில் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்கு வைத்தியரைக் கூட்டிவரப் போன அன்று, அத்தை வீட்டிலிருந்து "ம்ம்" வரவில்லை. அப்பா ஒரு கணம் காத்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மேலே வாசித்தார். வேறு வழியில்லை, மற்ற வீடுகள் எல்லாம் காத்திருந்தன.

அடுத்த சாயங்காலம் கடைசிப் பக்கம். படகுக்காரி கரையில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதுவரை அப்பா வாசித்தார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. விரலை நாக்கில் தொட்டார், ஆனால் புரட்டவில்லை. புத்தகத்தை மூடினார். கண்ணாடித்தாள் சரக்கென்றது. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"விடியிற நேரம் மகன் வந்துட்டான். ஒடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. கரையில ஏறி வந்து, 'அம்மா, பசிக்குது, சோறு இருக்கா?'ன்னு கேட்டான்."

எல்லாவற்றிலும் கேள்வி கேட்கிற கடைசிக் காம்பரா மாமா இருமக்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து அடுத்த வீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ம்ம்." அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிப் பக்கத்தை அப்பா மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டவர்களுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் பிஸ்கட் டின். அதற்குள் மினுமினுப்பான பச்சைத் தாளில் வெட்டிய இலைகள். லயத்து முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம்.

"எந்தெந்த வீட்டுல வாசிச்சு முடிச்சிருக்கீங்க?"

"எல்லா வீட்டுலயுந்தாங்க."

"புத்தகம் ஒண்ணுதானே? அதுக்குள்ள எப்படி எல்லா வீட்டுலயும்?"

"சொவரு மேல வரைக்கும் இல்லீங்களே சார்," என்றார் கடைசிக் காம்பரா மாமா. "அங்க வாசிச்சா இங்க கேக்குது. பங்களான்னா நீங்க சொல்றது சரி."

சார் கண்ணாடியைத் துடைத்தார். கேட்டது வாசித்ததாகுமா என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் மனிதர் நியாயமானவர். கேள்வி கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். எங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்களா? படகுக்காரி கர்ப்பிணிகளிடம் கூலி வாங்கமாட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். அவளுடைய ஆடு பூசணிக்கொடியைத் தின்றதை இன்னொருத்தி ஆடு மாதிரியே தலையை ஆட்டிக் காட்டினாள். சார் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பசைப் போத்தலின் மூடியைத் திறந்தார். வேனின் வாசனை வந்தது. திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சரி, கடைசியில என்ன ஆச்சு?"

"மகன் வந்துட்டான் சார்," என்றார் மாமா, வழக்கத்துக்கு மாறாக ஒரே மூச்சில்.

"ஆமாங்க, வந்துட்டான்."

"நனைஞ்சு போயி வந்தான்."

"வந்து சோறு கேட்டான் சார்."

சாரின் சிரிப்பு நின்றது. இன்னும் சிலரைக் கேட்டார். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருவரும் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அத்தை காம்பரா வாசலில் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பக்கமும் யாரும் திரும்பவில்லை. அப்பாவுக்கு மனப்பாடம் சார் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"புத்தகத்துல அப்படி இல்லையே," என்றார் சார். கோபமில்லை, வருத்தம்தான். "யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நானே வாசிக்கிறேன், கேளுங்க." கடைசிப் பக்கத்தை விரித்தார்.

"சார், வேணாங்க," என்றார் அப்பா.

உத்தியோகத்தர்களுக்கு முன்னால் அப்பா குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. சார் ஏன் என்று கேட்டார். அப்போதுதான் மாமா முன்னால் வந்தார்.

"நாங்க ஒழுங்கா கேக்கல சார். நான் தூங்கிட்டேன்."

"எங்க வீட்டுல புள்ள அழுதுச்சு சார். ஒண்ணுமே வெளங்கல."

"எனக்குக் காது மந்தம் சார்," என்றாள் லயத்திலேயே கூர்மையான காது உள்ளவள். "எலை வேணாம். நீங்க கெளம்புங்க, மழை வர்ற மாதிரி இருக்கு."

வானம் பளிச்சென்று இருந்தது. சற்றுமுன் ஆடு மாதிரி தலையாட்டியவள் இப்போது கதையே தெரியாது என்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. என் இலைகளை இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏன் கீழே போடுகிறார்கள்?

சாருக்கு இரக்கம்தான் கூடியது. "அப்படின்னா கட்டாயம் வாசிக்கணும். இவ்வளவு கேட்டுட்டு முடிவு தெரியாம இருக்கக்கூடாது," என்று விரலை வரியில் வைத்தார்.

"அத மூடுங்க சார்."

அத்தை. தூணை விட்டுவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

"பொஸ்தகத்துல என்னா போட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அண்ணன் அட்டைய மூடுன சத்தம் கேட்டுச்சு. எனக்கு மட்டுமா கேட்டிருக்கும்? லயத்துக்கே கேட்டிருக்கும். மூடுன பொறகு சொன்னதுதான் எங்க கதை. எங்களுக்கு அது போதும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். சார் அத்தையை நிறைய நேரம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு வரியும் வாசிக்காமல் புத்தகத்தை மூடினார். அதே சரக்.

"ஆனா இலை ஒட்ட முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே கதைங்கிறதுதான் விழா."

"ஒட்டாதீங்க," என்றார் அத்தை.

வேன் அந்த வருடம் கீழ் டிவிசனுக்குப் போனது. மேலே நின்று பார்த்தால் வளைவில் திரும்புவது தெரியும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்பாவிடம் பேசமாட்டேன். அவரும் ஒன்றும் விளக்கவில்லை. அந்தத் திமிங்கிலப் புத்தகத்தைப் பிறகு எங்கேயும் நான் பார்க்கவில்லை. படகுக்காரியின் கதையையும் வேலை கிடைத்து நகரத்துக்கு வந்த பிறகு நூலகத்தில் தேடினேன். பழசாகிக் கழித்துவிட்டார்களாம். கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை நான் வாசித்ததில்லை.

சார் வந்துபோன மறுநாள் காலையில், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நடந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே," என்றார் அத்தை. "என் மவன் வந்தா மொதல்ல சோறு கேக்கமாட்டான். டீதான் கேப்பான். அடுத்த தடவ சரியா வாசிங்க."

அப்பா சிரிக்க முயன்றார். வாயிலிருந்த தண்ணீர் கீழே கொட்டியது. அந்தப் பையன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நம்மில் பலர் இப்போது சுவர் கூரையைத் தொடுகிற வீடு கட்டிவிட்டோம். பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டுமென்று கடன் பட்டுக் கட்டினோம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மண் சரிந்த நாட்களில் அந்த நல்ல வீட்டுக்குள் என் மகள், "அப்பா வந்துருவாரு தானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துருவாரு" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னுடைய குரல் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. வெளியே யாருக்கும் கேட்கவில்லை. யாரும் "ம்ம்" சொல்லவில்லை. அவர் வந்துவிட்டார். ஆனால் அந்த நாட்கள் எனக்குள்ளிருந்து இன்னும் போகவில்லை.

மழை கொஞ்சம் கூடியிருக்கிறது. இப்போதும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன் வரவில்லை.

மகள் எடுத்திருப்பது ஒரு குருவிக் கதை. தெமோதரை மாதிரி மலைக்குள் இருக்கிற ஒரு ரயில் நிலையத்தில், கூரை விளிம்பில் கூடு கட்டிய இரண்டு குருவிகள். புயலில் அப்பாக்குருவி இரை தேடிப் போகிறது. மகள் வாசிக்கிற எதையும் அவளுக்கு முன்னால் நான் வாசித்துவிடுவேன்; இப்போது அப்படியாகிவிட்டேன். அந்தக் குருவி திரும்பி வராது. அம்மாக்குருவி தனியாகக் குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும். வேறு புத்தகம் எடு என்று சொல்லிப் பார்த்தேன். "இதுதான் வேணும்" என்றுவிட்டாள்.

இப்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். குரல் வேகம் குறைகிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன், இதைப் பிறகுதான் எழுதுகிறேன். சேலைக்கு அந்தப்பக்கம் அவள் நிறுத்தினாள். நான் போனைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். பிறகு அட்டை மூடுகிற சத்தம். இந்தக் காலத்துப் புத்தகம், கண்ணாடித்தாள் இல்லை. மெதுவாக, தட்டென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகும் அவள் குரல் தொடர்ந்தது.

"அடுத்த நாள் காலையில அப்பாக்குருவி வந்துருச்சு. றெக்கையெல்லாம் சேறு. 'ரோட்டுல மண்ணு விழுந்துருச்சு, சுத்தி வந்தேன், அதான் லேட்டு'ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு, 'டீ இருக்கா?'ன்னு கேட்டுச்சு."

அடுத்த தடுப்பில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அதற்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். விழா நாளில் எல்லோர் முன்னாலும் எந்த முடிவைச் சொல்லப்போகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சேலைக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது.

"ம்ம்," என்றேன்.

பலகைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு "ம்ம்" வந்தது. அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று.